ரிக் கம்பெனிப் பங்கு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

எண்ணெய் விலை ஏறியது என்று செய்தி வந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்பார்: "டிரில்லிங் கம்பெனிப் பங்கு எதையாவது வாங்கிப் போடலாமா?" ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. பேச்சு எப்போதும் சில கேள்விகளுக்குள் போய் நிற்கும். அந்தக் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. இந்தத் துறையில் கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் கைச்சுட்டுக்கொண்டவன்.

டிரில்லிங் கம்பெனி என்றால் எண்ணெய்க் கம்பெனிதானே?

இல்லை. கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதைத் துளைக்கும் இயந்திரமான ரிக்குக்குச் சொந்தக்காரர் வேறொருவர். எக்ஸான்மொபில், ஷெல், பெட்ரோபிராஸ் போன்றவர்கள் முதல் வகை. இவர்கள் பெரும்பாலும் ரிக்கை விலைக்கு வாங்குவதில்லை. ஆட்களோடு சேர்த்து நாள் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகைக்கு விடுபவர்கள்தான் நாம் பேசும் கம்பெனிகள். கடலில் டிரான்ஸ்ஓஷன், நோபிள், வலாரிஸ், சீட்ரில், போர் டிரில்லிங். நிலத்தில் ஹெல்மெரிச் அண்ட் பெய்ன், பேட்டர்சன்-யூடிஐ, நேபர்ஸ், பிரிசிஷன் டிரில்லிங்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: எஸ்.எல்.பி., ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ். சிமென்ட் பூசுவது, பாறையை அளப்பது, கருவி விற்பது என்று கிணற்றைச் சுற்றி நடக்கும் வேலைகளைச் செய்பவர்கள். இவர்களையும் ரிக் கம்பெனிகளையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டும் வேறு வேறு வியாபாரம்.

கிணற்றில் எண்ணெய் வந்தாலும் வறண்டு கிடந்தாலும் ரிக்காரருக்கு வாடகை வந்துவிடும். புதையல் கிடைத்தால் அதில் பங்கு கிடையாது. ஆகவே நீங்கள் வாங்குவது எண்ணெயை அல்ல. வாடகை வருமானத்தையும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கடனையும்.

எண்ணெய் விலை ஏறினால் இந்தப் பங்குகள் ஏறத்தானே வேண்டும்?

பங்கு விலை அன்றைக்கே துள்ளலாம். வருமானம் அப்படித் துள்ளாது. விலை ஏறி, அது நிற்கும் என்று எண்ணெய்க் கம்பெனி நம்பி, அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஒப்பந்தம் போட்டு, ரிக் வந்து சேர வேண்டும். நிலத்தில் இதற்குச் சில மாதம் போதும். ஆழ்கடலில் ஓராண்டுக்கு மேல் ஆகும்.

2022 மார்ச்சில், உலகச் சந்தை அளவுகோலாகப் பார்க்கும் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 120 டாலரைத் தாண்டியது. 2023-ல் அது 80 டாலர் பக்கம் இறங்கிவிட்டது. ஆனால் டிரில்ஷிப் (ஆழ்கடலில் துளைக்கும் கப்பல்) வாடகை அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய், 2023-ல் நாளுக்கு 5 லட்சம் டாலரைத் தொட்ட ஒப்பந்தங்கள்கூட வந்தன. எண்ணெய் விலையை மட்டும் பார்த்து 2023-ல் விற்றவர் வாடகை ஏற்றத்தின் நல்ல பகுதியைத் தவறவிட்டார். இறங்கும்போதும் இதே தாமதம் உண்டு. பழைய ஒப்பந்தங்கள் ஓடும்வரை லாபக் கணக்கு அழகாகவே இருக்கும். அழகான அந்தக் காலாண்டு அறிக்கையைப் பார்த்து வாங்குபவர்தான் மாட்டிக்கொள்வார்.

நிலமா, கடலா?

இரண்டும் ஒரே பெயரில் நடக்கும் இரு வேறு தொழில்கள்.

அமெரிக்க நிலப்பரப்பில் ஒப்பந்தங்கள் குறுகியவை. சில மாதம், சில சமயம் ஒரு கிணறு முடியும்வரை. விலை சரிந்தால் உடனே ரிக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிலுக்கு, இந்தக் கம்பெனிகளுக்குக் கடன் பொதுவாகக் குறைவு. நேபர்ஸ் இதற்கு விலக்கு. அதன் கடன் சுமை எப்போதும் பேசுபொருள். நிலத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று ரிக்கின் தரம். ஒரு கிணறு முடிந்ததும் பிரிக்காமல் நகர்ந்து அடுத்த கிணற்றுக்குப் போகும் 'சூப்பர்-ஸ்பெக்' ரிக்குகளுக்குத்தான் கிராக்கி. பழைய இயந்திர ரிக்குகள் எண்ணிக்கைக்கு இருக்கும், வேலைக்கு உதவாது.

கடலில் மூன்று ரகம். ஜாக்-அப் என்பது கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்பது. சுமார் 120 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். செமி-சப்மர்சிபிள் மிதப்பது, நார்வே போன்ற கொந்தளிப்பான கடலில் அதற்கு மதிப்பு. டிரில்ஷிப் கப்பல் வடிவம். புதியவை 3,600 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் துளைக்கும். பிரேசில், மெக்சிகோ வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா மூன்றும்தான் டிரில்ஷிப்புகளின் பெரிய சந்தை. கடல் ஒப்பந்தங்கள் நீளமானவை, வருமானத்தை ஓரளவு முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் தவறினால் அடியும் பலமாக விழும்.

ஒரு கம்பெனியைப் பார்க்கும்போது முதலில் எதைத் திறப்பீர்கள்?

லாப நட்டக் கணக்கை அல்ல, 'ஃபிளீட் ஸ்டேட்டஸ்' அறிக்கையை. கடல் ரிக் கம்பெனிகள் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை இதை வெளியிடுகின்றன. நான்கைந்து பக்கம்தான். ஒவ்வொரு ரிக்குக்கும் ஒரு வரி: பெயர், கட்டிய ஆண்டு, எந்தக் கடல், யாருக்கு வேலை, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, நாள் வாடகை என்ன.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ரிக்கும் எண்களும் என் கற்பனை. டிரில்ஷிப், 2014-ல் கட்டியது, வாடகை நாளுக்கு 4 லட்சம் டாலர். 365 நாளுக்கு 14.6 கோடி. பழுது, காற்று, மழை போக 95 சதவீத நாள்தான் முழு வாடகை என்று வைத்தால் 13.87 கோடி. அதில் ஏறத்தாழ இருநூறு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, உதிரிபாகம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1.7 லட்சம் செலவு என்றால் ஆண்டுக்கு 6.2 கோடி. மிச்சம் சுமார் 7.67 கோடி டாலர்.

இப்போது அதே ரிக்குக்கு அடுத்த ஒப்பந்தம் 2 லட்சம் டாலருக்குத்தான் கிடைத்தது என்று வையுங்கள். வரவு 6.93 கோடி. செலவு அதே 6.2 கோடி. மிச்சம் 73 லட்சம். வாடகை பாதியாகத்தான் குறைந்தது; கையில் நின்றது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தலைமையகச் செலவு, வட்டி, வரி இவற்றையெல்லாம் நான் இன்னும் கழிக்கவே இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரிக்கை நிறுத்திச் செய்யும் பெரிய சோதனை வேறு இருக்கிறது.

அதனால் அந்த அறிக்கையில் வாடகையைப் பார்ப்பதற்கு முன், முடியும் தேதியைப் பாருங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எத்தனை ரிக் சும்மா நிற்கப் போகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். 'ஆப்ஷன்' என்று எழுதியிருக்கும் மாதங்களை வருமானமாக எண்ணாதீர்கள். அது ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு இருக்கும் உரிமை. விலை சாதகமாக இருந்தால்தான் பயன்படுத்துவார்.

சும்மா நிற்கும் ரிக் எதிர்கால வாய்ப்புதானே? சந்தை திரும்பினால் ஓடும் அல்லவா?

"யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்" என்பார்கள். ரிக் அந்த வீட்டின் ரகம். ஆட்களோடு தயார்நிலையில் வைத்தால் நாளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கரையும். ஆட்களை அனுப்பிவிட்டு, இயந்திரங்களை அணைத்துக் கட்டிப்போட்டால் செலவு குறையும். ஆனால் மூன்று நான்கு ஆண்டு கழித்து எழுப்பும்போது கோடிகளில் கேட்கும். பல ரிக்குகள் எழுந்திருக்காமலே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. ஒரு கம்பெனி "எங்களிடம் 35 ரிக் உண்டு" என்றால், அதில் ஐந்தாண்டாகக் கட்டிக் கிடப்பவை எத்தனை என்று கழித்துவிட்டு எண்ணுங்கள்.

கடன் எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். காரணம் 2020.

2014 ஜூனில் 115 டாலரில் இருந்த பிரென்ட், 2016 ஜனவரியில் 28 டாலருக்குக் கீழே வந்தது. அதற்கு முந்தைய நல்ல காலத்தில், கப்பல் ஒன்றுக்கு 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்துப் பல கம்பெனிகள் கொரியக் கப்பல் கட்டும் தளங்களில் டிரில்ஷிப் வாங்கியிருந்தன, பெரும்பகுதி கடனில். வாடகை விழுந்தது, கடன் விழவில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் வாய்தா விலை மைனஸ் 37 டாலருக்குப் போனபோது தாக்குப்பிடிக்கத் தெம்பில்லை. டயமண்ட் ஆஃப்ஷோர் ஏப்ரலில், நோபிள் ஜூலையில், வலாரிஸ் ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கேட்டன. சீட்ரில் 2017-ல் ஒருமுறையும் 2021-ல் மறுமுறையும் போனது.

திவால் என்றால் கம்பெனி மூடிவிடுவதில்லை. ரிக்குகள் துளைத்துக்கொண்டேதான் இருந்தன, பெயர்ப்பலகையும் மாறவில்லை. மாறியது உரிமையாளர்கள். கடன் கொடுத்தவர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். வலாரிஸில் மட்டும் சுமார் 700 கோடி டாலர் கடன் இப்படிப் பங்காக மாறியது. பழைய பங்குதாரர்கள் கையில் வாரண்ட் (பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) என்ற பெயரில் கொஞ்சம் காகிதம் மிஞ்சியது. அப்படி ஒரு கம்பெனியின் பங்கு என்னிடமும் இருந்தது. "இத்தனை ரிக் வைத்திருக்கும் கம்பெனி எங்கே போய்விடும்" என்று நினைத்தேன். கம்பெனி எங்கும் போகவில்லை. என் பங்குதான் போனது.

டிரான்ஸ்ஓஷன் திவாலாகாமல் தப்பியது, ஆனால் சும்மா தப்பவில்லை. 2014-ல் சுமார் 36 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை, பத்தாண்டில் 85 கோடியைத் தாண்டியது. கேக் அதே அளவு, துண்டுகள் இரண்டு மடங்குக்கு மேல். 2008-ல் 150 டாலருக்கு மேல் விற்ற பங்கு 2020-ல் ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது.

அதனால் நான் மொத்தக் கடனை விட முதிர்வு அட்டவணையைத்தான் பார்ப்பேன். எந்த ஆண்டில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? அந்த ஆண்டுக்குள் கையில் எத்தனை ரிக்குக்கு உறுதியான ஒப்பந்தம் இருக்கிறது? இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விகிதம் வேண்டுமென்றால்: மோசமான ஆண்டு ஒன்றின் வாடகையைப் போட்டுக் கணக்கிட்டு, அந்த ரொக்கம் வட்டியைக் கட்டுமா என்று பாருங்கள். நல்ல ஆண்டின் எண்ணை வைத்து எல்லாக் கம்பெனியும் தேறிவிடும்.

பங்கு புத்தக மதிப்பில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மலிவுதானே?

புத்தக மதிப்பு என்பது கணக்கில் உள்ள சொத்தில் கடனைக் கழித்தது. ரிக்குக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் விலையை இன்று யாரும் தரமாட்டார்கள் என்றால் அந்த மலிவுக்கு அர்த்தமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. திவாலிலிருந்து வெளிவந்த கம்பெனிகள் தங்கள் சொத்துக்களைச் சந்தை விலைக்கு இறக்கி, கணக்கைப் புதிதாகத் தொடங்கின. நோபிள், வலாரிஸ், டயமண்ட் எல்லாம் அப்படித்தான். திவாலாகாத டிரான்ஸ்ஓஷன் பழைய விலையையே பெரும்பாலும் சுமந்துகொண்டு வந்தது. விளைவு, ஒரே மாதிரி ரிக், ஒரே வாடகை. ஒருவர் கணக்கில் தேய்மானம் கொஞ்சம், இன்னொருவர் கணக்கில் மலை போல. பி.இ. விகிதத்தையும் (பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) புத்தக மதிப்பையும் வைத்து இவர்களை ஒப்பிட்டால் விடை தப்பாகவே வரும்.

நான் செய்வது இது: பங்குச் சந்தை மதிப்போடு நிகரக் கடனை (கையிலுள்ள ரொக்கம் போகக் கடன்) கூட்டி, ஓடும் நிலையில் உள்ள ரிக்குகளின் எண்ணிக்கையால் வகுப்பேன். ஒரு ரிக்குக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். ஜாக்-அப்பையும் டிரில்ஷிப்பையும் கலந்து வகுக்காதீர்கள்; சைக்கிளையும் லாரியையும் கூட்டிச் சராசரி பார்த்ததாகிவிடும்.

ஈவுத்தொகைக்காக வாங்கலாமா?

நிரந்தர வருமானம் என்று நம்பி வாங்காதீர்கள். ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் பல பத்தாண்டுகளாக ஈவுத்தொகையை உயர்த்திக்கொண்டே வந்த கம்பெனி, கணக்கும் கட்டுக்கோப்பானது. அதுவே 2020-ல் காலாண்டுத் தொகையை 71 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டாகக் குறைத்தது. இந்தத் துறையில் ஈவு விகிதம் பத்து சதவீதம் என்று திரையில் தெரிந்தால், அது வெட்டப்படும் என்று சந்தை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாகவும் இருக்கலாம்.

வாரந்தோறும் வரும் ரிக் எண்ணிக்கையைப் பின்தொடர வேண்டுமா?

பேக்கர் ஹியூஸ் 1944 முதல் எண்ணி வருகிறது. நிலப்பரப்புக் கம்பெனி வைத்திருந்தால் பாருங்கள். ஆனால் அதை எண்ணெய் உற்பத்தியின் கண்ணாடி என்று நினைக்க வேண்டாம். 2022 முடிவில் அமெரிக்காவில் எண்ணெய்க்கான ரிக்குகள் 600-க்கு மேல். 2024 முடிவில் 500-க்குக் கீழே. அதே காலத்தில் எண்ணெய் உற்பத்தி நாளுக்கு 130 லட்சம் பீப்பாயைத் தாண்டிப் புதிய உச்சம் போனது. கிணறுகள் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகின்றன, ஒவ்வொரு ரிக்கும் வேகமாக முடிக்கிறது. போதாக்குறைக்கு வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் வாங்குகிறார்கள். எக்ஸான்மொபில் 2024-ல் பயனியர் என்ற எண்ணெய்க் கம்பெனியை வாங்கியதுபோல. இரண்டு கம்பெனி ஒன்றானால் இரண்டு பேரின் ரிக்கும் தேவைப்படாது. நாட்டுக்கு நல்ல செய்தியாக இருப்பது ரிக்காரருக்கு நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை.

ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருந்தால் ஆபத்தா?

ஜாக்-அப் வைத்திருந்தவர்கள் 2024-ல் படித்த பாடம் அது. அந்த ஜனவரியில், உற்பத்தித் திறனை 130 லட்சம் பீப்பாயாக உயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டு 120 லட்சத்திலேயே நிற்கச் சொல்லி சவுதி அரசு தன் எண்ணெய்க் கம்பெனியான அராம்கோவுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட ஜாக்-அப்களின் ஒப்பந்தங்களை அராம்கோ நிறுத்தி வைத்தது. கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இருந்தும் வருமானம் நின்றது. நின்ற ரிக்குகள் வேறு கடலுக்கு வேலை தேடிப் போனதால், அராம்கோவோடு சம்பந்தமே இல்லாதவர்களின் வாடகையும் அழுந்தியது. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் நஷ்ட ஈடு எவ்வளவு என்பதையும் ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள்.

விபத்து நடந்தால்?

2010 ஏப்ரல் 20-ல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தார்கள். கிணறு பி.பி.யுடையது, ரிக் டிரான்ஸ்ஓஷனுடையது. சில வாரங்களில் டிரான்ஸ்ஓஷன் பங்கு ஏறத்தாழ பாதி விலைக்கு வந்தது. 2013-ல் அமெரிக்க அரசுக்கு 140 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இப்படியொன்றை எந்த அறிக்கையும் முன்கூட்டிச் சொல்லாது. இதற்கு ஒரே மருந்து, ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடாமல் இருப்பது.

அப்படியென்றால் பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் இ.டி.எஃப். நிதியை வாங்கிவிடலாமா?

வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து. எண்ணெய்ச் சேவைத் துறை நிதியான ஓ.ஐ.எச். போன்றவற்றில் எஸ்.எல்.பி., பேக்கர் ஹியூஸ் போன்றவைதான் பெரிய இடத்தைப் பிடிக்கின்றன. ரிக் கம்பெனிகள் ஓரத்தில் கொஞ்சம் இருக்கும். வாடகை ஏற்றத்தை நம்பி வாங்குபவருக்கு அது நீர்த்த மோர்.

மொத்தச் சேமிப்பில் எவ்வளவு போடலாம்?

முழுக்கப் போனாலும் தூக்கம் கெடாத அளவு. என் வரம்பு ஐந்து சதவீதம்.

சரி, வாங்கியாயிற்று. எப்போது விற்பது?

பங்கு விலையை வைத்து எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: புது ரிக் ஆர்டர். 2014-க்குப் பிறகு புது டிரில்ஷிப்புக்கு ஆர்டர் கொடுக்க யாரும் துணியவில்லை. கட்டும் செலவைத் திரும்ப எடுக்க இன்றைய வாடகை போதாது, வங்கியும் கடன் தராது. இருக்கும் ரிக்குகளின் மதிப்பைத் தாங்கி நிற்பதே இந்தப் பஞ்சம்தான். ஏதாவது ஒரு கம்பெனி மேடையேறி, கொரியாவில் இரண்டு புது டிரில்ஷிப்புக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம், வாடகையாளர் இன்னும் முடிவாகவில்லை என்று அறிவித்தால், அன்று மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். நான் விற்பனைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பேன்.